திரிசிரமும் மும்முகமும்

முருகப்பெருமானை ஆறுமுகன் என்று அழைத்துப் பழகிய நம் நாவு, ஆறுதலையன் என்று அழைக்க ஒருநாளும் துணிவதில்லை. இலங்கை வேந்தனையோ, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார் முதல் கூத்தாடுவோர் ஈறாக எல்லோரும் பத்துத்தலை இராவணன் என்றே சொல்லுகின்றனர். ஆறு முகம் இருந்தால் ஆறு தலையும் இருந்தே தீரவேண்டும். பத்துத் தலை இருந்தால் பத்து முகமும் இருந்தே தீரவேண்டும். உறுப்புக் கணக்கில் இரண்டும் ஒன்றாயிருக்க, ஒருவரை முகத்தால் எண்ணுவதும் மற்றொருவரைத் தலையால் எண்ணுவதும் எதனால் என்று கேட்டுக்கொண்டு, பழைய நூல்களையும் பழைய சிற்பங்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்போமாயின், மூன்று முகமுடைய உருவங்களின் சரித்திரம் முழுவதற்கும் அக்கேள்வியே வழிகாட்டுவதைக் காணலாம்.

முகம் என்பது பிறரை நோக்கித் திரும்புவது. வந்தவரோடு முகங்கொடுத்துப் பேசுகிறோம், முகமன் கூறுகிறோம், பழக்கமில்லாதவரை அறிமுகம் செய்துவைக்கிறோம், பெரியோர் விடுத்த ஓலையைத் திருமுகம் என்கிறோம். தலையோ முடி சூடுவது, தருக்கி நிமிர்வது, வணங்கித் தாழ்வது, முடிவில் கொய்யப்படுவது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனுடைய ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, உலகின் இருளைப் போக்குவது ஒன்று, அன்பர்க்கு வரந்தருவது ஒன்று, வேள்வியைக் காப்பது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலை வகுத்து, வள்ளியோடு மகிழ்ந்திருப்பதும் ஒரு முகத்தின் தொழிலே என்று நிறைவு செய்கிறார். முகம் பலவாதல் அருள் பலவாதல் என்னும் கருத்து அங்கே ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றது. தலை பலவாதலுக்கு அவ்விதமான விளக்கம் எந்தப் புலவரும் தந்ததாக நான் அறியேன்.

இவ்வேற்றுமையை ஒரே தெய்வத்தின் பெயரிலே காணவேண்டுமாயின் தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையே உள்ள திருக்கண்டியூருக்குப் போகவேண்டும். அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய அவ்வூர், ஆதியில் ஐந்து முகங்கொண்டு செருக்குற்றிருந்த பிரமனுடைய ஐந்தாவது தலையைச் சிவபெருமான் கொய்த இடம் என்று பிரசித்தி பெற்றது. அங்கே எழுந்தருளியிருக்கும் இறைவன் பிரமசிரக்கண்டீசர். வேதம் ஓதும்போது நான்முகன், சதுர்முகன் என்று முகத்தால் எண்ணப்படுகிற பிரமன், நகத்தால் கிள்ளப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சிரத்தால் எண்ணப்படுகிறான். பிரமமுகக்கண்டீசர் என்று பெயரிட எவரும் எண்ணவில்லை. மிஞ்சிய நான்கும் மறுபடி முகங்களாகிவிட்டன. அறுபட்டது ஒன்றே தலையாக நின்றுவிட்டது.

விதிக்கு விலக்கு இல்லாமற் போகாது. இராவணனுக்குத் தசமுகன் என்னும் பெயரும் காவியங்களில் உண்டு. இருக்கு வேதத்துப் புருஷனுக்கு ஆயிரம் தலை கூறப்பட்டது. யாப்புக்கும் எதுகைக்கும் வேண்டிப் புலவர் சொல்லை மாற்றிக்கொள்வது இயல்பாதலால், இத்தகைய விலக்குகளைக்கொண்டு வழக்கையே மறுத்துவிடுதல் தகாது. மக்கள் வாய்மொழியிலும் கோயில் வழக்கிலும் நிலைத்துவிட்ட பெயர்களையே நாம் சான்றாகக் கொள்ளுகிறோம்.

இனி மூன்று என்னும் தொகைக்கு வருவோம். மூன்று தலையுடைய ஒருவனை நம் நாட்டு நூல்களில் முதன்முதலாகச் சந்திப்பது இருக்கு வேதத்திலேயாகும். துவஷ்டா என்னும் தெய்வத் தச்சனுடைய மகனாகிய அவனுக்கு விசுவரூபன் என்பது இயற்பெயர். திரிசிரஸ், அதாவது முத்தலையன், என்பது வடிவத்தால் வந்த பெயர். பத்தாம் மண்டலத்துச் சூக்தமொன்று, திரிதன் என்பானும் இந்திரனும் அவனை வென்று அவனிடமிருந்த பசுக்களை விடுவித்தனர் என்று சுருங்கச் சொல்லிச் செல்கிறது. அதன் முழுக் கதையையும் விரித்துரைப்பன தைத்திரீய சங்கிதையும் சதபத பிராமணமும். விசுவரூபன் தேவர்களுக்குப் புரோகிதனாயிருந்தவன். ஆனால் அசுரர்களுக்கு மருமகன் முறையினன். வேள்விக் களத்தில் எல்லோர் காதிலும் படும்படி அவிர்ப்பாகத்தைத் தேவர்க்கு என்று சொல்லிவிட்டு, மறைவாக அசுரர்க்கும் பங்கு அளித்துவந்தான். இரு பக்கத்தும் உறவுடைய அவனுக்கு வாய் மூன்று. ஒரு வாயாற் சோமம் பருகினான், மற்றொரு வாயாற் சுரை என்னும் கள்ளைப் பருகினான், மூன்றாவது வாயால் அன்னம் உண்டான். இவன் ஆட்சியைக் கவர்ந்துவிடுவான் என்று அஞ்சிய இந்திரன் மூன்று தலைகளையும் அறுத்து வீழ்த்தினான்.

வீழ்ந்த தலைகள் மூன்றும் மூன்று பறவைகளாயின என்று அந்நூல்கள் கூறும் பகுதி மிக அழகியது. சோமம் பருகிய தலை கபிஞ்சலம் என்னும் பறவையாயிற்று. கள்ளருந்திய தலை கலவிங்கம் என்னும் குருவியாயிற்று. ஆதலால்தான் அக்குருவி இன்றும் வெறியேறியவன் பிதற்றுவதுபோலக் கத்துகிறது என்று சதபத பிராமணம் காரணம் காட்டுகின்றது. அன்னம் உண்ட தலை தித்திரியாயிற்று, அதாவது கௌதாரியாயிற்று. அதன் சிறகிலே காணும் புள்ளிகள், உண்ணும்போது சிந்திய நெய்த்துளியும் தேன்துளியும் என்பது அந்நூலின் விளக்கம். கௌதாரியின் இறகைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், பழுப்பு நிறத்தினூடே வெளிறிய புள்ளி தெறித்துக் கிடக்கும் அழகைக் கண்டிருப்பார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன்னே வேள்விச் சாலையில் அமர்ந்திருந்த யாரோ ஒருவர் அதனை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கவேண்டும்! கிருஷ்ண யஜுர் வேதத்தின் பெருஞ் சாகையாகிய தைத்திரீயம் என்பதும் தித்திரி என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயரேயாதலின், முத்தலையனுடைய ஒரு தலை வேதத்தின் பெயரோடும் உறவுடையதாகிவிட்டது.

இந்திரனுக்கு இச்செயலால் புகழ் வரவில்லை. புரோகிதனைக் கொன்றமையால் பிரமஹத்தி தோஷம் பற்றியது; அதனை நிலத்துக்கும் மரத்துக்கும் மகளிர்க்கும் பகிர்ந்தளித்தே அவன் உய்ந்தான். கொல்லத்தக்க பகைவனாயின் கொன்றதற்குப் பாவம் ஏது? முத்தலையனைப் பகைவன் என்று முடிவாகத் தள்ளவும், நம்மவன் என்று முடிவாக ஏற்கவும் மனம் ஒருப்படாத ஒரு நிலையை இக்கதை காட்டுகின்றது. பிற்காலத்தில் மூன்று முகமுடைய தெய்வங்கள் தோன்றுவதற்கு வேண்டிய இடம் இந்தத் தயக்கத்திலேயே பிறந்தது என்பது என் கருத்து.

இக்கதைக்கு உடன்பிறந்த கதையொன்று ஈரான் நாட்டில் வழங்கிற்று. அவெஸ்தாவில் வரும் அழி தஹாக்கன் மூன்று வாயும் மூன்று தலையும் ஆறு கண்ணும் உடைய பெரும்பாம்பு. அவனைக் கொன்ற வீரன் திரைத்தௌனன். நம்முடைய திரிதன் பெயரும் அவ்வீரன் பெயரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் கூறுவர். நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும் செய்தி ஒன்று அங்கே உண்டு. அவெஸ்தா மொழியில் உடலுறுப்புக்களுக்கு இருவேறு பெயர்கள் வழங்கின. நல்லோருடைய தலைக்கு ஒரு சொல், தீய சக்திகளுடைய தலைக்கு மற்றொரு சொல். நல்லோர் வாய்க்கு ஒன்று, தீயோர் வாய்க்கு வேறொன்று. அழி தஹாக்கனுக்குக் கூறப்பட்ட தலையும் வாயும் தீயோர்க்கு உரிய சொற்களாலேயே கூறப்பட்டன. நாம் முகம் என்றும் தலை என்றும் இலைமறை காயாகக் காட்டும் வேற்றுமையை அவர்கள் இலக்கண முறையாகவே வகுத்துவிட்டனர். பிர்தௌசி ஏறத்தாழ 1010-ஆம் ஆண்டில் ஷாநாமாவை நிறைவு செய்தபோது அப்பாம்பு ஸஹ்ஹாக் என்னும் கொடுங்கோல் மன்னனாக மாறிவிட்டது. ஆயினும் அவன் தோள்களில் இரண்டு பாம்புகள் முளைத்தெழ, நடுவே தன் தலையோடு மூன்று என்னும் பழங்கணக்கு மாறாமல் நின்றது.

இராமாயணத்தில் திரிசிரன் என்னும் பெயருடையார் இருவர். ஒருவன் சனத்தானத்தில் கரனுடைய படையில் இருந்தவன். இராமபிரான் மூன்று அம்புகளால் மூன்று தலைகளையும் வீழ்த்தினார். மற்றவன் இராவணனுடைய மகன். இலங்கைப் போரில் அவனுடைய வாளைப் பறித்தே அனுமன் அவன் தலைகளை அறுத்தான். அவ்விடத்தில் வால்மீகி முனிவர், துவஷ்டாவின் மகனுடைய தலைகளை இந்திரன் அறுத்ததை உவமையாக எடுத்துக் காட்டுகிறார். வேதகாலத்து முத்தலையன் நினைவிலிருந்து அகலவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தத் திரிசிரன் தமிழ்நாட்டில் ஒரு பெருநகரத்தின் பெயருக்குள்ளும் புகுந்தான். காவிரிக் கரையில் வானளாவி நிற்கும் குன்றும் அதனைச் சூழ்ந்த ஊரும் திரிசிராமலை, திரிசிரபுரம் என்று புராணங்களிலும் பிரபந்தங்களிலும் போற்றப்படுகின்றன. மூன்று தலையுடைய அசுரனொருவன் அக்குன்றிலே சிவபெருமானை நோக்கித் தவங்கிடந்து, காட்சி கிடையாமையால் தன் தலைகளில் இரண்டை வேள்வித் தீயில் இட்டு, எஞ்சிய ஒன்றையும் இட முனைந்தபோது இறைவன் தோன்றித் தடுத்தாட்கொண்டான் என்பது தல வரலாறு. சொல்லாராய்ச்சி இதற்கு உடன்படவில்லை. திருஞானசம்பந்தர் அத்தலத்தைச் சிராப்பள்ளி என்றே பாடியிருக்கிறார். திரு என்பது அதற்குமுன் சேர்ந்த மங்கல அடை. திருவையாறு, திருவானைக்கா என்பவற்றில் நிற்கும் அதே அடைதான். திரிசிரன் என்னும் பெயரிலிருந்து ஊர்ப்பெயர் பிறந்திருக்குமாயின், முதலிலிருக்கும் திரி என்பதை நீக்கிவிட்டுச் சிரா என்று மட்டும் சம்பந்தப்பெருமான் பாடியிருக்க வழியில்லை. குன்றின்மேல் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்னுள்ள இயற்கைக் குகையில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பொறித்த பெயர்களுள் சிரா என்பதும் ஒன்று என்றும், அம்முனிவருடைய பள்ளியே சிராப்பள்ளி எனப்பட்டது என்றும் கல்வெட்டறிஞர் கூறுவர். 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றில் திருச்சிலாப்பள்ளி, அதாவது கல்லாலாகிய பள்ளி, என்றும் ஒரு வடிவம் காணப்படுதலால், பழைய பெயரின் பொருள் மறந்தபின் ஒவ்வொரு காலத்தாரும் தமக்குத் தோன்றிய பொருளை அதற்கு ஏற்றினர் என்பது தெளிவாகின்றது.

பெயர் பிறந்த வரலாறு வேறு, பெயர் வாழ்ந்த வரலாறு வேறு. முத்தலையன் கதை பின்னர் வந்து ஏறியதேயெனினும், ஏறியபின் அது வெறுங்கதையாக நிற்கவில்லை. உ. வே. சாமிநாதையருக்கு ஆசிரியராய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) திரிசிரபுரம் என்னும் அடையோடுதான் தமிழுலகில் அறியப்பட்டார். தமிழுக்கு அத்தனை தொண்டு செய்த ஒருவருடைய பெயருக்கு முன்னே ஒரு முத்தலை அரக்கன் நிற்கிறான். அதில் எவரும் இழுக்குக் கண்டதில்லை. ஏனெனில் இத்தலக்கதையில் அவன் தலைகளை இந்திரனோ இராமனோ அறுக்கவில்லை. அவனே மனமுவந்து அர்ப்பணம் செய்கிறான். வேதத்தில் வெட்டுண்ட தலை, காவிரிக் கரையில் காணிக்கையாயிற்று.

பகைவனாயிருந்த முத்தலை உருவம் அடைக்கலம் தரும் தெய்வமாக மாறியதை முழுவதும் காணவேண்டுமானால் ஜுரஹரேசுவரரைப் பார்க்கவேண்டும். பவானி கூடுதுறை முதலிய இடங்களிலுள்ள சிவாலயங்களில் அவருக்குச் சந்நிதி உண்டு. காஞ்சிபுரத்தில் அப்பெயரால் தனிக் கோயிலே இருக்கின்றது. மூன்று தலை, மூன்று கால் என்று அமைந்த அந்த உருவம், காண்போர் மனத்தில் முதலில் ஒரு நடுக்கத்தையே உண்டாக்கும். அரிவம்சத்திலும் பாகவதத்திலும் அதன் மூலக் கதையைக் காணலாம். வாணாசுரனுக்காகச் சிவபெருமானும் கண்ணனும் எதிர்நின்று பொருத போரில், சிவபெருமான் தரப்பில் ஜ்வரன் என்னும் கொடியோன் வருகின்றான். மூன்று தலையும் மூன்று காலும் உடைய அவனுக்குச் சாம்பலே ஆயுதம் என்று அரிவம்சம் கூறுகின்றது. காய்ச்சல் கண்டவனுடைய வாய் கசந்து, கண்ணெரிந்து, மேனி நீறுபூத்த நெருப்புப்போலக் கனன்றுகொண்டிருப்பதை அருகிருந்து பார்த்தவர்கள், சாம்பலை ஆயுதமாக்கிய அந்தக் கற்பனையின் உண்மையை உணர்வார்கள். கண்ணன் தானும் ஒரு ஜ்வரத்தை ஏவ, வெப்பத்தை வெப்பம் வெல்ல, முத்தலை ஜ்வரன் அடிபணிந்தான். இந்த வரலாற்றை நினைப்பாரை அணுகுவதில்லை என்றும் உறுதி கூறினான்.

ஜ்வரம் என்னும் வடசொல் தமிழில் சுரம் என்றும் ஜுரம் என்றும் வழங்கிற்று. ஜுரஹரர் என்றால் சுரத்தை நீக்குபவர். சந்நிதியில் நிற்கும் உருவமோ சுரத்தின் உருவமேயாகும். நோய் வடிவில் நிற்பவனை நோய் நீக்குபவன் என்று பெயரிட்டு அழைத்த நம் முன்னோர், வென்ற பகைவனைக் காவலனாக நிறுத்திக்கொண்டனர். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் ஒருங்கே கெடுதலால் வருவது கொடுஞ்சுரம் என்னும் வைத்திய நூற் கொள்கையை மூன்று தலைக்கும் பொருளாக உரைப்பாரும் உளர். மிளகு ரசமும் சோறும் பருப்புத் துவையலும் அவருக்கு நிவேதனம் செய்கின்றனர். காய்ச்சல் விட்டவனுக்குப் பத்தியமாக வீட்டிலே தாய் வார்க்கும் உணவே அது. நோயாளிக்கு உரியதை நோய்த் தெய்வத்துக்குப் படைப்பதில் எத்தனை பரிவு இருக்கின்றது!

இதே மாற்றம் பௌத்த சமயத்தின் வழியே கடல் கடந்து சென்ற வரலாறும் உண்டு. ஜப்பான் நாட்டு நாரா நகரத்துக் கோஃபுகுஜி ஆலயத்தில் 734-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற அசுரன் திருவுருவம் ஒன்று இருக்கின்றது. களிமண் உருவின்மேல் அரக்குமரத்துப் பாலில் தோய்த்த சணற்றுணியை அடுக்கடுக்காகப் போர்த்தி, உலர்ந்தபின் உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடும் முறையில் அமைந்ததாகையால், ஐந்தடி உயரமுள்ள அவ்வுருவம் உள்ளீடற்று மிகவும் இலேசானது. மூன்று முகம், ஆறு கை. உடலோ இளைஞனொருவனுடைய மெல்லிய உடல். இரு கைகள் மார்பின் முன்னே குவிந்திருக்கின்றன. நடுமுகத்துப் புருவங்கள் சற்றே நெரிந்து, அழுகைக்கும் அமைதிக்கும் இடையே நிற்கின்றன. பக்கத்து முகங்களில் ஒன்று கீழுதட்டைக் கடித்திருக்கிறது. தேவரோடு ஓயாது போரிட்டவன் என்று வேதமும் புராணமும் கூறும் அசுரன், புத்தர்பிரானுடைய உபதேசம் கேட்டுத் தருமத்தின் காவலனாகிய பின் அடைந்த முகங்கள் அவை. ஜப்பானியர் இவ்விதத் தெய்வ வடிவங்களை மும்முகம் ஆறுகை என்றே வருணிக்கின்றனர். ஒருவரே பலர் வேலையைச் செய்து முடிக்கும் ஆற்றலுடையாரையும் அத்தொடராற் புகழ்கின்றனர். சீனத்தில் அதே தொடர் முத்தலை ஆறுகை என்று வழங்குகிறது. தலையை முகமாக்கியது நாராவின் சிற்பியோ ஜப்பானிய நாவோ, எதுவாயினும் அம்மாற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகின்றது.

இனி, தொடக்கத்திலிருந்தே முகத்தால் எண்ணப்பட்ட திருவுருவங்கள். இவற்றில் மூன்று என்னும் தொகை பெரும்பாலும் கண்ணுக்குத் தோன்றும் தொகையேயன்றிக் கருத்திலுள்ள தொகை அன்று. சோழர் காலத்துச் சிவாலயங்களில் வடபுறக் கோட்டத்தில் நிற்கும் பிரமனைப் பாருங்கள். தோன்றுவன மூன்று முகங்கள். நான்காவது முகம் சுவரின் பக்கம் திரும்பியிருக்கின்றது. மூன்றையே கண்டும் நான்முகன் என்று தயங்காமற் சொல்லும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது; பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலேயே நான்கு முகமுடையவன் என்னும் குறிப்பு இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டதன்றோ!

மும்பைத் துறைமுகத்துக்கு அப்பால் கடலிடையே உள்ள காராபுரித் தீவின் குகைக்கோயிலில் இந்தப் பழக்கம் கைவிட்டமையால் நேர்ந்த பிழை உலகறிந்ததாயிற்று. கல்யானை ஒன்று நின்றமையால் போர்த்துக்கீசியர் எலிபெண்டா என்று பெயரிட்ட அத்தீவில், 6-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்தமைத்த மண்டபத்தின் தென்சுவரில், மார்பளவாக ஏறக்குறைய 20 அடி உயரத்தில் மூன்று முகங்களோடு ஒரு திருவுருவம் எழுந்து நிற்கின்றது. கண்டு எழுதிய ஐரோப்பியர் பலர், பிரமன், திருமால், உருத்திரன் ஆகிய மூவரும் சேர்ந்த திரிமூர்த்தி இது என்று எழுதிவைத்தனர். தம் சமயத்துத் திரித்துவக் கோட்பாடு நெஞ்சில் ஊறியிருந்த அவர்களுக்கு மூன்று என்றவுடன் அப்பொருள் தோன்றியது இயல்பே. சிற்பத்தை உற்றுப் பார்ப்போர்க்கு வேறு பொருள் விளங்கும். நடுமுகம் தடித்த உதடுகளோடும் தாழ்ந்த இமைகளோடும் தன்னுள் ஆழ்ந்திருக்கிறது; உயர்ந்த சடாமகுடம் அதற்கு முடியாயிற்று. நமக்கு இடப்பக்கம் தெரியும் முகம் மீசையும் வளைந்த மூக்கும் முறுகிய புருவமும் கொண்டது. சடையிலே கபாலம், கையிலே சீறும் நாகம். வலப்பக்கத்து முகமோ பெண்மையின் மென்மை வாய்ந்தது. சுருண்ட கூந்தல், முத்துவடம், விரலிடையே தாமரை. திருமாலுக்குரிய சங்கும் இல்லை, சக்கரமும் இல்லை. பிரமனுக்குரிய அடையாளமும் இல்லை. டி. ஏ. கோபிநாத ராவ் முதலிய சிற்பநூல் வல்லார் இதனை மகேச மூர்த்தம் என்று நிறுவினர். நடுவே தற்புருடம், ஒருபுறம் அகோரம், மறுபுறம் வாமதேவம். பாறைக்குள் பின்நோக்கியது சத்தியோசாதம். மேல்நோக்கிய ஈசானம் உருவெடாதது. ஐந்து முகமுடைய ஒருவனே அங்கே நிற்கின்றான். மூவர் அங்கே இல்லை.

அதே மும்முகத்தைக் கல்லிற் செதுக்கி நாம் வலம்வரும்படி வைத்திருக்கும் இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், கல்லாய்ப்போன மரங்களுக்கும் பெயர்பெற்ற திருவக்கரையில், சந்திரமௌலீசுவரர் கருவறையிலுள்ளது முகலிங்கம். கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், வடக்கே வாமதேவம் என்று முகங்கள் மூன்று. மேற்குப்புறம் முகமின்றி விடப்பட்டுள்ளது. ஊரார் அதனை மும்முகலிங்கம் என்றே வழங்குகின்றனர். கண்ணாற் கண்டதைக் கண்டவாறு கூறும் அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது! ஆயினும் இக்காலத்தில் அங்கும் அயன், அரி, அரன் மூவருமாகிய லிங்கம் என்னும் விளக்கம் பரவிவருகின்றது.

திரிமூர்த்தி என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. காளிதாசருடைய குமாரசம்பவத்து இரண்டாம் சருக்கத்தில் தாரகனால் துன்புற்ற தேவர்கள் பிரமனை நோக்கித் திரிமூர்த்தியே என்று போற்றுகின்றனர். படைப்புக்குமுன் ஒன்றாயிருந்து பின் முக்குணத்தால் மூன்றாய்ப் பிரிந்த ஒருவன் என்பதே அங்கே கருத்து. வடிவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அக்கருத்தைக் கல்லில் அமைக்க வந்த தமிழ்நாட்டவர், மூன்று முகத்தை ஒரு கழுத்தில் பொருத்துவதை நாடவில்லை. மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அயனுக்கும் அரனுக்கும் அரிக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டிலே பெருமிதங்கொள்ளும் மகேந்திர பல்லவன், மூன்று தனிக் கருவறைகளைக் குடைந்தான். திருவானைக்காவிலும் திருவொற்றியூரிலும் காணும் ஏகபாத திரிமூர்த்தியில் ஒற்றைக்காலில் நிற்கும் சிவபெருமானுடைய இருமருங்கிலிருந்தும் அயனும் மாலும் கிளைத்தெழுகின்றனர். மூவர்க்கும் தனித்தனித் திருமுகம் உண்டு. சுசீந்திரத்திலோ தாணு, மால், அயன் மூவரும் ஒரே லிங்கத்தில் உறைகின்றனர்; பெயரும் ஒன்றாகித் தாணுமாலயன் ஆயிற்று. மூவரை ஒருவராக்கப் பெயரைப் புணர்த்திய அந்தத் தமிழின் நயத்துக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

ஐரோப்பாவிலும் மூன்று முகங்களைத் திரித்துவத்துக்கு எழுதிக் காட்டும் வழக்கம் இடைக்காலத்தில் இருந்தது. அங்கே தலைக்கும் முகத்துக்கும் நம்மவர்போல் வேற்றுமை நிலைபெறவில்லை. தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதி முடிவில் சாத்தானுக்கும் ஒரே தலையில் மூன்று முகங்களைக் கொடுத்தார். இறைவனுக்கும் பகைவனுக்கும் ஒரே வடிவம் என்றால் மனம் எப்படிப் பொறுக்கும்? 15-ஆம் நூற்றாண்டில் பிளாரன்சு நகரத்துத் தலைமைக் குருவான அந்தோனினுசு அத்தகைய படங்களை இயற்கைக்கு மாறான விகாரம் என்று கண்டித்தார். 1628-இல் போப்பாண்டவர் எட்டாம் உர்பன் அவற்றைத் தடைசெய்தார். நம் நாட்டில் அவ்விதத் தடைக்குத் தேவை நேராமைக்குக் காரணம், பெயரிலேயே முன்னோர் வகைசெய்து வைத்ததுதான்.

அந்த வகை இன்று நம் கவனக்குறைவால் கலைந்துவருகின்றது. மூன்று முகம் கண்ட இடமெல்லாம் திரிமூர்த்தி என்று பலகை எழுதுவதும், பாடப்புத்தகத்தில் காராபுரிப் படத்துக்கடியில் அப்பெயரையே அச்சிடுவதும் நின்றபாடில்லை. கோயில் நிர்வாகத்தாரும் நூல் பதிப்பிப்போரும், பலகை எழுதுமுன் அவ்வூர் முதியவர்களையும் ஆகமம் வல்ல சிவாசாரியாரையும் கேட்டு, மும்முகலிங்கமாயின் மும்முகலிங்கம் என்றும், நான்முகனாயின் நான்முகன் என்றும், ஜுரஹரராயின் ஜுரஹரர் என்றும் எழுதவேண்டும். உங்கள் ஊர்க் கோயிலின் பிராகார மூலையில் பெயர் தெரியாமல், விளக்கும் இல்லாமல் ஒரு முத்தலை உருவம் இருக்குமாயின், அதன் கால்களை எண்ணிப் பாருங்கள். மூன்றாயிருந்தால் அவர் சுரம் தீர்க்கும் பெருமான். ஊராருக்கு அதை எடுத்துச் சொல்லி, சந்நிதியில் பெயரை எழுதி வையுங்கள்.